கோலாலம்பூர் சூட்டில் மீன்தொட்டிச் செடிகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு ஏற்ற செடிகள் எவை என்று யூடியூபில் தேடினால் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை. அவர்கள் வீட்டில் ஹீட்டர் போடாத தண்ணீர் 18 முதல் 22 டிகிரியில் நிற்கும். நம் வீட்டில் 27க்கும் 30க்கும் இடையில். கோலாலம்பூர் செந்தூலிலோ பினாங்கு ஆயர் ஈத்தாமிலோ மேற்கு பார்த்த பிளாட்டாக இருந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் 32ஐக்கூடத் தொடும். அந்தப் பட்டியலைப் பார்த்துச் செடி வாங்கி, அவர்கள் சொன்ன வைத்தியத்தையும் செய்தால் பல நேரம் நோய் கூடத்தான் செய்யும்.

சூடு ஏறும்போது தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிடித்துவைக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். செடிக்குச் சாப்பாடான கார்பன் டைஆக்சைடின் கரைதிறனும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. அதே நேரத்தில் செடி மூச்சுவிடும் வேகம், பாசி பரவும் வேகம், மிஞ்சிய தீனி அழுகும் வேகம் எல்லாமே ஏறுகின்றன. ஆகவே நம் ஊர்த் தொட்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வெளிச்சம், தீனி, சூடு இவற்றில் ஏதோ ஒன்று மிஞ்சியதால் வருபவை. எதையாவது குறைத்துப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். கடையில் பாட்டில் வாங்குவது கடைசி.

இங்கே சொல்வது ஒரு அடி முதல் இரண்டடி வரை நீளமுள்ள தொட்டிக்கு. சாதாரண எல்இடி விளக்கு, சிறிய ஃபில்டர், சில கப்பியோ டெட்ராவோ இறாலோ இருக்கும். கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் இல்லை. செடிகள் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ், கிரிப்ட் (கிரிப்டோகோரைன்), ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட், வாலிஸ்னேரியா போன்ற கெட்டிப் பயிர்கள்.

எந்த அறிகுறிக்கும் கை வைக்குமுன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கும் விடியற்காலையிலும் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது? விளக்கு வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து நாளுக்கு எத்தனை மணி நேரம்? கடந்த இரண்டு வாரத்தில் தொட்டியில் புதிதாக என்ன சேர்ந்தது? மூன்றாவது கேள்விக்கு வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். தாத்தா தினமும் ரொட்டித் துண்டு போடுகிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

## வாங்கிவந்த ஒரு வாரத்தில் இலை கண்ணாடிபோல் ஆகிக் கரைகிறது

அதிகம் பேர் பயப்படுவதும் அவசரப்பட்டுச் செடியைத் தூக்கிப் போடுவதும் இங்கேதான். எந்தச் செடி என்று பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும்.

கிரிப்ட் என்றால் விட்டுவிடுங்கள். இடம் மாறினாலே அது இலையைக் கரைத்துவிடும். தண்ணீர், வெளிச்சம், சூடு எது மாறினாலும் அப்படித்தான். வேர் உயிரோடு இருக்கும். கரைந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, செடியைப் பிடுங்காமல், இடம் மாற்றாமல் ஒரு மாதம் பொறுத்தால் நடுவிலிருந்து புதுக் குருத்து வரும். உயிரோடுதான் இருக்கிறதா என்று வாராவாரம் பிடுங்கிப் பார்ப்பவர்களின் கிரிப்ட்தான் சாகிறது.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் சோதனை வேறு. இலைக்கும் வேருக்கும் நடுவே படுத்தபடி ஓடும் தடித்த தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இஞ்சிபோல் கெட்டியாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று அமுங்கி நாற்றம் அடித்தால் அழுகல். கெட்டியான பகுதி வரும்வரை கூரான பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தனியே வையுங்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தத் தண்டை மண்ணில் புதைத்திருப்பார்கள். ஜாவா ஃபெர்ன் மலேசியாவிலேயே ஓடைக்கரைப் பாறைகளில் ஒட்டி வளரும் செடி. தொட்டியிலும் அதைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும், அல்லது சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து ஒட்ட வேண்டும். பசை தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கெடுதல் இல்லை. கடையிலிருந்து சின்னக் கூடையில் பஞ்சு சுற்றி வந்திருந்தால் பஞ்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். அதற்குள் தண்டு புதைந்து அழுகத் தொடங்கியிருப்பது அடிக்கடி கண்ணில் படும்.

ஹார்ன்வோர்ட் ஊசி ஊசியாக உதிர்ந்து ஃபில்டரை அடைக்கிறதா? அதற்கு வேரே கிடையாது. மண்ணில் செருகினால் செருகிய இடம் அழுகும். மிதக்க விடுங்கள். முதல் வாரத்து உதிர்தல் இடமாற்ற அதிர்ச்சிதான், தானாக நிற்கும்.

எலோடியா என்று விற்கும் எகேரியா கரைந்தால் பொறுமையால் பயனில்லை. அது குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. குளிர்நாட்டுப் பட்டியல்களில் முதல் பெயராக இருக்கும். நம் 30 டிகிரியில் நுனி மெலிந்து, தண்டு இற்றுப்போகும். பார்வைக்கு அதேபோல் இருக்கும் ஹைட்ரில்லா ஆசியச் செடி, சூட்டில் கொழிக்கும். பிரித்தறிய இலையைத் தடவிப் பாருங்கள்: ஹைட்ரில்லாவின் இலை விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், கை சொரசொரக்கும், ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் ஐந்து இலை. எகேரியா வழவழப்பு, இலையும் நீளம், பெரும்பாலும் கணுவுக்கு நான்கு.

மரிமோ உருண்டைக்கும் இதே கதிதான். ஜப்பானின் அக்கான் ஏரி, ஐஸ்லாந்து ஏரிகள் என்று குளிர்ப் பிரதேசத்தில் வாழும் பாசி அது. இங்கே பழுப்பேறி உடைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. என்னைக் கேட்டால், அழகுப் பொருளாக மாலில் விற்றாலும் வாங்கவே வேண்டாம்.

## ஜாவா ஃபெர்ன் இலைக்குக் கீழே வரிசையாகக் கரும்புள்ளி

நோய் கிடையாது. இலையின் அடிப்பக்கம் ஒழுங்காக வரிசை பிடித்துப் புடைத்திருந்தால் அவை வித்துப் பைகள். இலை நுனியில் குட்டிச் செடியும் வேரும் தொங்கினால் அதுவும் நல்ல சேதி. விரல் நீளம் வந்ததும் கிள்ளி வேறு கல்லில் ஒட்டலாம். ஒழுங்கில்லாமல், ஈரமாக, இரண்டு பக்கமும் தெரிகிற கறுப்புத் திட்டு என்றால் அந்த இலையை மட்டும் வெட்டுங்கள்.

## புதுத் தொட்டியில் எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி

விரலால் தேய்த்தால் வந்துவிடும் பழுப்புப் பாசி. தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் வந்து, தானே போகும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

## இலை மஞ்சளாகிறது, ஓட்டை விழுகிறது, வெளுக்கிறது

இங்கே ஒரே கேள்விதான் முக்கியம்: பழைய இலையிலா, புது இலையிலா?

செடிக்குள் இடம்பெயரக்கூடிய சத்துகள் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் குருத்துக்கு அனுப்பும். பழைய இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பொட்டாசியம். நகராத சத்துகள் குறைந்தால் அடி வாங்குவது புது இலை: நரம்பு பச்சையாக, நடுப்பகுதி வெளுத்து வந்தால் இரும்புச் சத்து, முறுக்கிக்கொண்டு, நுனி சுருங்கி வந்தால் கால்சியம்.

மீன் இருக்கும் தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தட்டுப்படுவது அபூர்வம், தீனியே அதைக் கொடுத்துவிடுகிறது. தீனியில் போதுமான அளவு வராதவை பொட்டாசியமும் இரும்பும். நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அதாவது சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் குறைந்தது என்பதால் அதிலிருந்தும் அதிகம் கிடைக்காது. எனவே நம் தொட்டிகளில் முதலில் தெரிவது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் பழைய இலைகளில் விழும் குண்டூசி ஓட்டைதான். மீன்தொட்டிச் செடிக்கென்று விற்கும் திரவ உரம், அதுவும் பொட்டாசியம் உள்ளது, லேபிளில் சொன்னதில் பாதி அளவு வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். ஓட்டை விழுந்த இலை அடைபடாது. அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் குணமா என்று சொல்ல முடியும்.

தோட்டக்கடை உரத்தை மட்டும் தண்ணீரில் கரைக்காதீர்கள். யூரியாவும் அம்மோனியமும் கலந்தது சூடான தண்ணீரில் மீனைக் கொன்றுவிடும். அம்மோனியாவின் நச்சு வெப்பத்தோடு ஏறுவது.

ஓட்டை பெரிதாக, ஓரம் கிழிந்து, ஒரே இரவில் வந்திருந்தால் சத்துக் கதையை விடுங்கள். டார்ச் எடுத்து நடுராத்திரி பாருங்கள். வயல்களை நாசமாக்கும் தங்க ஆப்பிள் நத்தை, செடியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து இருந்தால் அதேதான். வயல், வாய்க்கால் பக்கம் பறித்து வந்த செடியில் இது சகஜம். மண்ணில் புதைந்து திரியும் கூம்பு நத்தையும் பொடி நத்தைகளும் நல்ல இலையைத் தின்பதில்லை, அழுகியதைத்தான் தின்னும். அவை பெருகினால் தீனி கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

## பாசி

பாசிக்கு ஒரே மருந்து என்று எதையும் நம்ப வேண்டாம். நிறமும் தொடு உணர்வும்தான் வழிகாட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் வேலை உண்டு: டைமர் வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் மூன்று பின் டைமர் சில வெள்ளிக்குக் கிடைக்கும். விளக்கு ஆறு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வேலை முடிந்து வந்து பார்க்க விரும்பினால் மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை வைத்துக்கொள்ளலாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஜன்னலோரத் தொட்டிக்கு விளக்குக்கு முன்பே அந்த வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. குளிர்நாட்டு வீடியோவில் எட்டு, பத்து மணி நேரம் என்றால் அது அவர்களுக்கு.

அனுபியாஸ் இலையில் கெட்டிப் பச்சைப் புள்ளி, தேய்த்தாலும் வராது: மெதுவாக வளரும் இலையில் நேர் வெளிச்சம் விழுகிறது. செடியை நிழலுக்கு நகர்த்துங்கள், அல்லது மேலே சால்வினியா மிதக்கவிடுங்கள். மோசமான இலையை வெட்டிவிடலாம்.

பச்சை நூல் மாஸுக்குள் சிக்கிக்கொள்வது வேறு. டூத் பிரஷில் சுற்றி இழுங்கள். ஜாவா மாஸ் தடித்துப்போய் உள்ளே பழுப்பாகியிருந்தால் பாதியை வெட்டி எடுத்துவிடுவது நல்லது, உள்ளே தண்ணீர் ஓடாமல் கசடு தங்கியிருக்கும்.

கறுப்புத் தாடிப் பாசிதான் பிடிவாதக்காரன். இலை ஓரத்தில், ஃபில்டர் வாயில், கறுத்த மயிர்க் கொத்தாக ஒட்டியிருக்கும், இழுத்தாலும் வராது. நிறம் கறுப்பானாலும் அது சிவப்புப் பாசி இனம், ஒரு கொத்தைச் சாராயத்தில் நனைத்தால் சிவந்துவிடும். அழுக்குச் சேர்ந்த தண்ணீர், மாறி மாறி வரும் ஓட்டம், கூடுதல் தீனி மூன்றும் அதற்குப் பிடித்தவை. பாசி பிடித்த கல்லையோ கட்டையையோ வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடம் கழித்து நன்றாகக் கழுவித் திரும்ப வையுங்கள். தொட்டிக்குள்ளேயே செய்ய வேண்டியிருந்தால் ஃபில்டரை நிறுத்திவிட்டு சிரிஞ்சால் பாசியின் மேல் மட்டும் விடுங்கள். மொத்தம் 10 லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் போகாதீர்கள். மாஸ் இதைத் தாங்காது. சில நாளில் பாசி சிவந்து வெளுக்கும், இறால் தின்றுவிடும். திரவக் கார்பன் என்று விற்பதும் இந்தப் பாசியைக் கொல்லும்தான், ஆனால் வாலிஸ்னேரியாவையும் மாஸையும் சேர்த்துக் கரைக்கும். அந்தச் செடிகள் இருக்கும் தொட்டியில் அந்தப் பாட்டில் வேண்டாம்.

நீலப்பச்சை வழுவழுப்பான போர்வை, தூக்கினால் தகடாக உரியும், மண்வாசனையும் அழுகலும் கலந்த நாற்றம்: இது பாசியே கிடையாது, பாக்டீரியா. மண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெயில் படும் இடத்தில் தொடங்கும். முதலில் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைக் கறுப்புக் குப்பைப் பையால் மூன்று நாள் முழுசாக மூடுங்கள். நம் சூட்டில் இருட்டில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஏர் பம்ப் மூன்று நாளும் ஓடியே ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடும் குளிர்நாட்டு வழிமுறையைப் பின்பற்றினால் திறக்கும்போது மீன் இருக்காது. திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

தண்ணீரே பட்டாணி சூப்பாக மாறினால் எவ்வளவு தண்ணீர் மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்ப வரும். வெயில் படும் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே அட்டை ஒட்டுங்கள், மேலே சொன்ன மூன்று நாள் இருட்டையும் கொடுங்கள்.

## வாலிஸ்னேரியா மட்டும் கரைகிறது, நத்தை ஓடு வெள்ளையாக அரிக்கிறது

இரண்டும் ஒரே காரணம்: தண்ணீர் மிகவும் மென்மை, நாள்பட்ட தொட்டியில் பிஎச்சும் இறங்கி அமிலத்தன்மை ஏறிவிட்டது. கெட்டபாங் (நாட்டு வாதுமை) இலையை விடாமல் போடுபவர்கள் வீட்டில் இன்னும் வேகமாக இறங்கும். ஒரு கைப்பிடி உடைத்த பவளக்கல்லை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், மெதுவாகக் கரைந்து சுண்ணாம்பு சேர்க்கும். ஜாவா ஃபெர்னும் கிரிப்டும் இந்த மென்மையைப் பொருட்படுத்தாது. கவலை வேண்டாம் என்றால் வாலிஸ்னேரியாவை விட்டுவிட்டு அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## வளரவும் இல்லை, சாகவும் இல்லை

அனுபியாஸ் என்றால் மாதம் ஒரு இலை விட்டாலே போதும், அது இயல்பு. ஹைட்ரில்லாவே நின்றுபோனால் வெளிச்சம் பற்றவில்லை. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டு நடுக்கூடம் போன்ற இருட்டில் இது நடக்கும். சூட்டில் செடி மூச்சுவிட்டுச் செலவழிப்பது அதிகம். குளிர்ந்த தண்ணீரில் அந்தச் செடி தாக்குப்பிடித்திருக்கும் மங்கல் வெளிச்சம் 31 டிகிரியில் வரவுக்கும் செலவுக்குமே சரியாகிவிடும். எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லும் நான் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்வது இங்கே மட்டும்தான். அதோடு சூட்டையும் இறக்குங்கள்: மூடியைத் திறந்து தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன கிளிப் ஃபேன் ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். மழைநாள் ஈரக்காற்றில் அவ்வளவு இறங்காது. ஆவியாகும் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது வேண்டாம், ஏறி இறங்கும் சூடு நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

## விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது

மதியம் சரியாக இருந்து, விளக்கு எரியுமுன் மட்டும் இப்படி என்றால் காரணம் செடிகளே. பகலில் ஆக்சிஜன் விடும் செடி இரவு முழுவதும் அதைத் தானே இழுக்கிறது. செடி அடர்த்தி, தண்ணீர் சூடு, மேலே எண்ணெய்போல் ஏடு, அல்லது ஆகாயத்தாமரை முழுப் பரப்பையும் மூடியது, இவை சேர்ந்தால் விடியலில் தட்டுப்பாடுதான். அந்த டைமரைப்போல் இன்னொன்று வாங்கி, விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடும்படி வையுங்கள். மிதக்கும் செடியைப் பாதிப் பரப்புக்கு மேல் விடாதீர்கள்.

## செடி நன்றாக இருக்கிறது, மீனும் இறாலும் ஒரே நாளில் செத்தன

விஷம். செடி பச்சையாக இருப்பதே துப்பு. டெங்கிக்குப் புகை அடித்த நாளா என்று பாருங்கள். அந்தப் பூச்சிக்கொல்லிகள் மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் கொடியவை. செடியை ஒன்றும் செய்யாது. புகை வண்டி வருகிறது என்றால் ஏர் பம்பை நிறுத்திவிடுங்கள், அது அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, புகை முழுக்கக் கலைந்தபின் திறங்கள். கொசு ஸ்பிரேயும் அப்படித்தான். புதுச் செடி போட்ட மறுநாள் இறால் மட்டும் செத்தால் செடியில் தெளித்த மருந்து காரணமாக இருக்கலாம். அடுத்த முறை தனி வாளியில் ஒரு வாரம், தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். அந்த வாளிக்கு மூடி போட மறக்காதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு அதில் கிடந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வரும், லார்வா கொல்ல அபேட் மணல் போட்டால் அந்தத் தண்ணீர் இறாலுக்கு ஆகாது.

நீர் விநியோகத் தடை முடிந்து குழாய் திரும்ப வந்த அன்று தண்ணீர் மாற்றாதீர்கள். முதலில் வருவது கலங்கல், குளோரின் வாசனையும் தூக்கலாக இருக்கலாம். ஒரு நாள் ஓடவிட்டு, ஆன்டி குளோரின் போட்டு, பிறகு ஊற்றுங்கள்.

## செடி அதிகமாகிவிட்டது

ஹைட்ரில்லாவும் ஹார்ன்வோர்ட்டும் நம் சூட்டில் வாராவாரம் வெட்டும் அளவுக்கு வளரும். வெட்டியதை வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் வீசாதீர்கள். பகாங்கில் தாசேக் சினி ஏரியை மூடிய கபோம்பா ஃபுர்காத்தா வெளியிலிருந்து வந்த மீன்தொட்டிச் செடி இனம். வெட்டியதை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டால் உரமாகிவிடும். நல்ல நுனிகள் இருந்தால் ஈரக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.